பெருநாள் விருந்தில் உம்மாவுக்கும் ஓர் இடம்



ஹஜ்ஜுப் பெருநாள் இரவு. மணி பத்தைத் தாண்டிவிட்டது. ஆண்கள் உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்துகிறார்கள். பிள்ளைகள் கிடைத்த பாயில் உறங்கிவிட்டார்கள். இரண்டாம் பந்தியும் எழுந்தாயிற்று. அடுப்பங்கரையில் மட்டும் விளக்கு எரிகிறது. அங்கே ஒரு பெண்மணி தேக்சாவின் அடியில் ஒட்டிய சோற்றைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"உம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று மகன் கேட்கிறான்.

"எனக்குப் பசியில்ல வாப்பா. ஆக்குன வாசத்துலயே வயிறு நெறஞ்சுபோச்சு."

இந்தச் சொல்லை உங்கள் இல்லத்திலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். உம்மா என்று அழைக்கும் ஊர்களிலும், அம்மா என்று அழைக்கும் ஊர்களிலும் இது ஒன்றேதான். அது உண்மையென்று நம்பியே நம்மில் பலர் வளர்ந்தும்விட்டோம். வாசத்தால் எவர் வயிறும் நிறைவதில்லை. உடல் களைத்துப் பசி மடிந்துபோனதைத்தான் அந்தத் தாய் அப்படி நயமாகச் சொன்னார்.

நாற்பது பேர் கூடும் விருந்தை வீட்டிலேயே செய்வது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆனால், அவ்விருந்தின் சுமை ஒருவர் தோளிலேயே ஏறிவிடாமல், சமைத்தவரும் சஹனில் அமர்ந்து உண்ணும்படி அதைத் திட்டமிடுவது பல இல்லங்களில் இன்னும் புதிதுதான். அதற்குப் பெரும் செல்வம் தேவையில்லை. ஒரு தாளும், ஒரு பேனாவும், வீட்டிலுள்ள அனைவரின் மனமும் போதும்.

மார்க்கம் கேட்பது என்ன?

பெருநாளையும் அதனைத் தொடரும் தஷ்ரீக்குடைய நாட்களையும் உண்பதற்கும் பருகுவதற்கும் அல்லாஹ்வை நினைவுகூர்வதற்கும் உரிய நாட்களாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அதில் ஆண்களுக்கு உண்பது, பெண்களுக்குச் சமைப்பது என்ற பிரிவினை இல்லை. அரஃபா நாளின் ஃபஜ்ரிலிருந்து பதின்மூன்றாம் நாள் அஸர் வரை ஒலிக்கும் தக்பீர், அடுப்பின் முன் நிற்பவரின் நாவுக்கும் உரியதே.

விருந்தோம்பலுக்கு நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் அன்ஸாரித் தோழரின் நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கென இருந்த உணவைத் தவிர வேறெதுவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, தாங்களும் உண்பது போல் காட்டிக்கொண்டு, விருந்தாளியை வயிறார உண்ணச் செய்தார்கள். அந்த இரவில் பசித்திருந்தவர் மனைவி மட்டுமல்லர். கணவரும் அவருடன் சேர்ந்தே பசித்திருந்தார். தியாகம் என்றால் இருவருக்கும் தியாகம். மகிழ்ச்சி என்றால் இருவருக்கும் மகிழ்ச்சி. இதுவே அவ்வீட்டின் அழகு. நாமோ அந்தத் தியாகத்தைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, விருந்தின் புகழை மட்டும் நம்முடையதாக்கிக்கொண்டோம்.

அண்ணலார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவியபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குச் செல்வார்கள் என்றும் அன்னையார் விடையளித்தார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. பெருநாள் வேலையைப் பங்கிடும்போது இச்செய்தியை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

எந்த நாளில் விருந்து?

பலரும் செய்யும் முதற்பிழை, அனைத்தையும் பெருநாளின் முதல் நாளிலேயே அடைத்துவிடுவது. காலையில் குளியல், தொழுகை, பின்னர் குர்பானி, இறைச்சியை வெட்டுதல், பங்கிடுதல், வீடு வீடாகக் கொடுத்தனுப்புதல், வந்தவர்களுக்குத் தேநீர், பலகாரம். இத்தனைக்கும் மேல் அன்றிரவே நாற்பது பேருக்குப் பிரியாணி என்றால், அடுப்பருகே நிற்பவர் என்ன ஆவார்?

குர்பானிக்குரிய நாட்கள் ஒன்றல்ல. துல்ஹஜ் பத்தில் தொடங்கி, ஹனஃபி மத்ஹபின்படி பன்னிரண்டு வரையும், ஷாஃபி மத்ஹபின்படி பதின்மூன்று வரையும் காலம் விரிந்திருக்கிறது. அல்லாஹ் நமக்கு விரித்துத் தந்ததை நாம் ஏன் சுருக்கிக்கொள்ள வேண்டும்? முதல் நாளன்று வீட்டாருக்கு மட்டும் ஈரல் வறுவலும் எளிய சோறும் போதும். குடும்பப் பெருவிருந்தை இரண்டாம் நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, மணமுடித்துக் கொடுத்த பெண் மக்கள் முதல் நாளைக் கணவர் வீட்டில் கழித்துவிட்டு, இரண்டாம் நாள் நிம்மதியாகத் தாய்வீடு வரலாம். இரண்டாவது, ஏழைகளின் பங்கும் அண்டை வீட்டாரின் பங்கும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகே நம் வீட்டு அடுப்பில் விருந்து ஏறும். மூன்றாவது, இறைச்சி பதமாக இருக்கும். அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துக்கொள்ளும். அப்போது சமைத்தால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நார்நாராய் இழுக்கும். ஓர் இரவு குளிரில் இருந்தால் அவ்விறைப்புத் தளர்ந்துவிடும்.

விடுமுறை இல்லாமையால் முதல் நாளே விருந்து வைத்தாக வேண்டியவர்கள், குர்பானியைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, இறைச்சியில் தயிரும், கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அரைத்த பச்சைப் பப்பாளிக்காயும் சேர்த்துப் பிசறி, இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஓரளவு மென்மை பெறும்.

பிறை தெரிந்ததும் கணக்கு

நோன்புப் பெருநாளில் நமக்கு இந்த வசதி இல்லை. பிறை தெரிந்தால் விடிந்ததும் பெருநாள். ஹஜ்ஜுப் பெருநாளோ பிறை கண்ட பிறகு ஒன்பது நாள் அவகாசம் தருகிறது. அந்த முதல் மாலையிலேயே குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து வருவோர் பட்டியலை எழுதுங்கள். தொலைபேசியில் ஒவ்வொருவரையும் அழைத்து, எத்தனை பேர், எப்போது வருவார்கள், இரவு தங்குவார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது தாராள மனத்தின் சொல் போலத் தோன்றும். அது உண்மையில் கணக்கின் சுமையை அடுப்பங்கரைக்குத் தள்ளிவிடும் சொல்.

எடுத்துக்காட்டாக, பெரியவர் 28 பேர், சிறுவர் 12 பேர், ஆக 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவருக்குச் சீரகச் சம்பா அரிசி 125 கிராம். சிறுவருக்கு அதில் பாதி. கூட்டினால் நாலேகால் கிலோ வரும். நாலரைக் கிலோவாக எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு நிகராக எலும்புடன் கூடிய இறைச்சி இருந்தால் தாராளம். நான்கு கிலோ இருந்தாலும் குறைவில்லை.

இனி ஓர் அழகிய கணக்கைக் காணுங்கள். உயிருடன் 25 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டில் ஏறத்தாழ பாதி, அதாவது 12 கிலோ அளவுக்கு இறைச்சி கிடைக்கும். அதை வழக்கம்போல் மூன்றாகப் பங்கிட்டால், வீட்டாரின் பங்கு நான்கு கிலோ. நாற்பது பேரின் விருந்துக்கு அதுவே போதுமானது! ஏழைகளின் பங்கில் ஒரு துண்டும் குறைக்காமல், உறவினருக்குக் கொடுத்தனுப்பும் பங்கிலும் கைவைக்காமல், பெருவிருந்து நடத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு கிலோ அரிசிக்கு வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி 400 கிராம், இஞ்சியும் பூண்டும் தனித்தனியே 100 கிராம், தயிர் 200 மில்லி, எண்ணெயும் நெய்யும் சேர்த்து 250 கிராம், பச்சை மிளகாய் பத்து, புதினாவும் மல்லித்தழையும் ஒவ்வொரு கைப்பிடி. இவற்றை நாலரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். தாளிச்சாவுக்குத் துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் சேர்ந்து 750 கிராம் போதும். பச்சடிக்கு இரண்டு கிலோ வெங்காயமும் இரண்டு லிட்டர் தயிரும் வேண்டும்.

பட்டியலைச் சுருக்குங்கள்

பிரியாணி, நெய்ச்சோறு, குருமா, கோழி வறுவல், மீன் பொரியல், இடியாப்பம், மூன்று வகை இனிப்பு. இப்படி நீளும் பட்டியல் விருந்தாளியின் வயிற்றுக்காக எழுதப்படுவதில்லை, பேச்சுக்காக எழுதப்படுவது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் ஏழாவது அத்தியாயம் 31ஆம் வசனம் நமக்குக் கட்டளையாகவே தருகிறது. வீண்விரயம் என்பது குப்பையில் கொட்டும் சோறு மட்டுமன்று. ஒரு பெண்ணின் உடல்வலுவைத் தேவையற்ற ஏழாவது பதார்த்தத்துக்காகச் செலவழிப்பதும் விரயமே.

ஒரு சோறு, ஒரு துணைக்கறி, ஒரு பச்சடி, ஓர் இனிப்பு. இந்நான்கே நிறைவான விருந்து. ஆட்டிறைச்சிப் பிரியாணி, எலும்பும் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்ந்த தாளிச்சா, வெங்காயப் பச்சடி, இறுதியில் வட்டலப்பம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பிரியாணிக்குப் பதில் நெய்ச்சோறும் கறியும் வைப்பவர்கள் அப்படியே வைக்கலாம். ஊர் வழக்கம் எதுவானாலும் எண்ணிக்கை நான்கைத் தாண்ட வேண்டாம்.

வட்டலப்பத்தின் சிறப்பு, அதை முந்திய நாளே செய்துவிடலாம் என்பது. இருபது முட்டை, 800 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சீனி அல்லது கருப்பட்டி, ஏலப்பொடி. கருப்பட்டியானால் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, ஆறிய பின் சேர்க்க வேண்டும். முட்டையை நுரை பொங்க அடித்துவிடாமல் மெல்லக் கலக்கி, வடிகட்டி, இரண்டு மூன்று பாத்திரங்களில் ஊற்றி, மூடி, ஆவியில் நாற்பது நிமிடம் வேகவைத்து, ஆறியதும் குளிரில் வைத்தால் மறுநாள் துண்டு போட்டுப் பரிமாறலாம். இதுவும் இயலாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கடற்பாசி.

நாள்வாரியாக வேலை

துல்ஹஜ் 1 முதல் 3 வரை: பட்டியல், வரவு செலவுக் கணக்கு. கடன் வாங்கி விருந்து வைக்க வேண்டாம். கைக்கு எட்டிய அளவில் வைத்தால் போதும். இருவரின் உணவு மூவருக்குப் போதுமானது என்று நபிமொழி நம்மைத் தேற்றுகிறது. தேக்சா, சஹன், பெரிய அடுப்பு ஆகியவை ஜமாஅத்திலிருந்தோ வாடகைக் கடையிலிருந்தோ வர வேண்டுமானால் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். பெருநாள் நெருக்கத்தில் எல்லோருக்கும் அதே பாத்திரம்தான் தேவைப்படும்.

4 முதல் 6 வரை: அரிசி, பருப்பு, எண்ணெய், நெய், பட்டை, கிராம்பு, ஏலம் வாங்குதல். அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கி வைத்தல். எரிவாயு உருளையில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்த்தல். மறந்துவிடாதீர்கள், பெருநாளன்று உருளை தீர்ந்தால் அடுத்த வீட்டாரையே நாட வேண்டிவரும்.

7, 8: இஞ்சியையும் பூண்டையும் அரைத்து, உப்பும் சிறிது எண்ணெயும் கலந்து, ஈரமற்ற பாத்திரத்தில் குளிரில் வைத்தல். மசாலாப் பொடி இடித்தல். குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்தல். இறைச்சிக்கு இடம் வேண்டுமல்லவா?

9, அரஃபா நாள்: எந்தப் பெரிய வேலையும் இல்லை! இது நோன்பின் நாள், துஆவின் நாள். ஹஜ்ஜுக்குச் செல்லாதவர்கள் அன்று நோற்கும் நோன்பு, சென்ற ஆண்டின் பாவங்களுக்கும் வரும் ஆண்டின் பாவங்களுக்கும் பரிகாரமாகும் என்று முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழி கூறுகிறது. அந்த நாளை உரிக்கும் வெங்காயத்துக்கும் துடைக்கும் சன்னலுக்கும் இரையாக்கிவிட்டு, இரவில் களைத்து விழும் சகோதரிகள் எத்தனை பேர்! முந்திய எட்டு நாட்களின் திட்டமெல்லாம் இந்த ஒரு நாளைக் காப்பதற்காகவே.

10, பெருநாள்: தொழுகை. பெண்களும் பெருநாள் திடலுக்கு வர வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உங்கள் ஊரில் அதற்கு ஏற்பாடு இருந்தால், அடுப்பு காரணமாக எவரும் தங்கிவிட வேண்டாம். பின்னர் குர்பானி, பங்கீடு. மாலையில் வட்டலப்பம்.

11: விருந்து நாள்.

முதலில் வெளியேற வேண்டிய பங்கு

இறைச்சி வீட்டுக்கு வந்ததும் மூன்றாகப் பிரித்து, ஏழைகளின் பங்கை முதலில் வாசலைக் கடக்கச் செய்யுங்கள். "எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கொடுப்போம்" என்று வைத்தால், நல்ல துண்டுகள் எப்படியோ நம் பெட்டிக்குள் போய்விடுகின்றன. எலும்பும் கொழுப்பும் ஏழைக்குப் போகின்றன. இது எவரும் வேண்டுமென்று செய்வதன்று. ஆனால், கை தானாகச் செய்துவிடும் தவறு. அறுத்தவருக்குரிய கூலியையும் பணமாகத் தனியே கொடுத்துவிடுங்கள். இறைச்சியையோ தோலையோ கூலியாகக் கொடுக்கலாகாது என்பது நபிவழி.

பஞ்சம் வந்த ஓர் ஆண்டில், குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது என்று அண்ணலார் தடுத்தார்கள். மறு ஆண்டு அத்தடையை நீக்கி, உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதி தந்தார்கள். சேமிப்பது கூடும். ஆயினும், அத்தடை ஏன் வந்தது என்பதை நம் குளிர்ப்பெட்டியின் கதவைத் திறக்கும் போதெல்லாம் நினைவில் கொள்வது நல்லது. நம் தெருவிலேயே ஒரு வீட்டில் இன்று கறி மணக்கவில்லையெனில், அவ்வீட்டாருக்கு இது பஞ்ச ஆண்டுதான்.

நபியவர்களின் இல்லத்தில் ஓர் ஆட்டை அறுத்து எல்லாவற்றையும் தர்மம் செய்த பின், தோள்பகுதி மட்டுமே எஞ்சியிருப்பதாக ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். தோள்பகுதியைத் தவிர மற்றவை அனைத்துமே எஞ்சிவிட்டன என்று நபியவர்கள் திருத்தினார்கள். கொடுத்தது மறுமைக்கு நிலைத்தது என்ற இக்கணக்கைத் திர்மிதீ நூல் பாதுகாத்து வைத்திருக்கிறது. அதைவிடச் சிறந்த சேமிப்புக் கணக்கு வேறில்லை.

விருந்துக்குரிய நான்கு கிலோவைத் தனியே எடுத்து, அகலமான பாத்திரங்களில் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் குளிரில் வையுங்கள். சூடு ஆறாத இறைச்சியைப் பெரிய பையில் திணித்து அப்படியே வைத்தால், நடுப்பகுதி குளிர்வதற்குள் கெட்டுவிடும். ஈரலையும் குடலையும் மறுநாளுக்கு வைக்காமல் அன்றே சமைத்துவிடுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வேலை

ஒரு தாளில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை எழுதுங்கள். "யாராவது செய்யட்டும்" என்று விட்ட வேலை, முடிவில் உம்மாவிடமே வந்து சேரும்.

கடைத்தெரு, எரிவாயு, பாத்திரங்களை ஏற்றி இறக்குதல், பெரிய தேக்சாவைத் தூக்குதல் ஆகியவை ஆண்களுக்கு. வெங்காயம் உரிப்பது கல்லூரியில் படிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாக. மகன் கண் கலங்கினால் கலங்கட்டும். அவன் உண்ட சோற்றின் விலை அவனுக்குத் தெரியட்டும். பாய் விரிப்பது, தண்ணீர்க் குவளை வைப்பது, செருப்புகளை வரிசைப்படுத்துவது சிறுவர்களுக்கு. பாத்திரம் கழுவுவதற்கு, விருந்துக்கு முன்னரே பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். விருந்து முடிந்த பின் அதற்கு ஆள் தேடினால் எவரும் அகப்பட மாட்டார்கள்.

மருமகள்களுக்கு ஒரு சொல். வந்த இடத்தில் விருந்தாளியாக அமர்ந்துவிடாதீர்கள். மாமியார்களுக்கும் ஒரு சொல். மருமகள் செய்வது உங்கள் முறையில் இல்லையென்றால், அன்று ஒரு நாள் பார்க்காதது போல் இருந்துவிடுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள். உப்புக் குறைந்ததைப் பந்தியில் உரத்துச் சொல்லும் நம் வீட்டு ஆண்களும் இதைக் கேட்கட்டும்.

விருந்து நாளின் மாலை

வீட்டு அடுப்பில் நாலரைக் கிலோ அரிசியை ஒரே பாத்திரத்தில் ஏற்ற வேண்டாம். அடி பிடிக்கும், மேலே வேகாது. ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு சிறிய தேக்சா, மூன்று கிலோவுக்கு ஒரு பெரிய தேக்சா என இரண்டாகப் பிரியுங்கள். சிறியது சிறுவர்களுக்கும், நேரத்தில் உண்ண வேண்டிய முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கும். அதில் மிளகாயைக் குறைத்துக்கொள்ளலாம்.

நண்பகலிலேயே வெங்காயத்தையும் தக்காளியையும் நறுக்கி வைத்து, தாளிச்சாவை முடித்துவிடுங்கள். அஸர் தொழுததும் இரண்டு தேக்சாவிலும் மசாலாவை வதக்கி இறைச்சியை ஏற்றுங்கள். இறைச்சி நன்றாக வெந்த பிறகே அரிசி சேர வேண்டும்; அரிசி சேர்ந்த பின் இறைச்சி வேகும் என்று நம்பி ஏமாறாதீர்கள். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். மசாலாவிலுள்ள சாற்றையும் சேர்த்து, ஓர் அளவு அரிசிக்கு ஒன்றரை அளவு நீர் இருக்க வேண்டும். நீர் வற்றி அரிசி தலைகாட்டியதும் தீயைக் குறைத்து, மூடிமேல் கனம் வைத்து, இருபது நிமிடம் தம்மில் விடுங்கள்.

சிறிய தேக்சா மஃரிப் பாங்குக்குச் சற்று முன் தம்முக்கு வர வேண்டும். தீயை மிகக் குறைத்துவிட்டுச் சமைப்பவரும் தொழுது முடிக்கலாம். தொழுகை முடிந்ததும் சிறுவர் பன்னிருவருக்கும் மூன்று சஹன்கள். முதியோருக்குத் தனித்தனித் தட்டில் அவர்களுக்கு வேண்டிய அளவு. பிள்ளைகள் தூக்கத்தில் சிணுங்கத் தொடங்குமுன் உண்டுவிட்டால் வீடே அமைதி பெறும். பெரிய தேக்சா இஷாவுக்கு முன் தம்முக்கு வரட்டும்.

சஹனைச் சுற்றி

இஷாவுக்குப் பின் பெரியவர்கள். முதியவர்கள் சிலர் முன்னரே உண்டிருந்தாலும் ஏழு சஹன்களுக்கு இடம் ஒதுக்குங்கள். சஹனுக்கு நால்வர். ஆண்களுக்குக் கூடத்தில், பெண்களுக்கு உள்ளறையில். ஒரே நேரத்தில்! இதுதான் இக்கட்டுரையின் உயிர். ஆண்கள் பந்தி முடிந்த பின் பெண்கள் பந்தி என்ற வரிசையை மார்க்கம் விதிக்கவில்லை. இடமின்மையும் பழக்கமும் விதித்தன. நீண்ட அகப்பையும் மூடிய பாத்திரமுமாகச் சோற்றையும் கறியையும் இரு அறைகளுக்கும் முன்னரே பிரித்து வைத்துவிட்டால், எழுந்து பரிமாற வேண்டிய தேவையே அற்றுப்போகும். சஹன் முறையின் சிறப்பே அதுதானே! வேண்டுமானால், முதற்பந்தியில் உண்டுவிட்ட வளர்ந்த பிள்ளைகள் தண்ணீரும் மறுசோறும் எடுத்து வரட்டும்.

சஹன்களில் எவரை எவருடன் அமர்த்துவது என்பதிலும் சிந்தனை தேவை. கணவரை இழந்த சாச்சி, வேலையிழந்த மைத்துனர், பேச்சு வார்த்தை குறைந்துபோன இரு சகோதரர்கள். ஒரே சஹனில் கை நனைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் எழ முடியாது. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் விருந்துணவைத் தீய உணவென நபிமொழி கண்டிக்கிறது. ஆகவே குர்பானி கொடுக்க இயலாத உறவினர்தாம் நம் பட்டியலின் முதற்பெயராக இருக்க வேண்டும்.

பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகில் உள்ளதிலிருந்து உண்ணும்படி நபியவர்கள் சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சஹனில் உண்ணும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. முதலில் குறைவாக வைத்து, கேட்பவர்களுக்கு மறுபடி வைத்தால் சஹனில் மீதம் விழாது.

விருந்துக்குப் பின்

தேக்சாவில் மிஞ்சிய சோற்றை இரவு முழுதும் அடுப்பின் மேலேயே வைத்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிரில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள். புறப்படும் உறவினருக்கு ஒரு பொதி, தெருக் காவலருக்கு ஒரு பொதி என்று சூடாக இருக்கும்போதே கொடுத்துவிடுவது இன்னும் சிறந்தது.

பாத்திரம் கழுவ எழுதப்பட்ட பெயர்கள் இப்போது தம் கடமையைச் செய்யட்டும்.

சகோதரர்களே! இவ்வாண்டு இன்ஷா அல்லாஹ் உங்கள் இல்லத்தில் சஹன் விரிக்கும்போது ஒன்று செய்யுங்கள். எவரும் கை வைக்குமுன் அடுப்பங்கரைக்குச் சென்று, அங்கே நிற்பவரின் கையிலிருந்து அகப்பையை வாங்கி வைத்துவிட்டு, "வாங்க உம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்று அழைத்து வாருங்கள். அவர் அமர்ந்து முதற்கவளத்தை எடுத்த பிறகு நீங்கள் உண்ணுங்கள். பல ஆண்டுகளாக அவர் சமைத்த பிரியாணி எவ்வளவு சுவையானது என்பதை, சூடாக இருக்கும்போது, அவரும் ஒரு முறை அறிந்துகொள்ளட்டும்.

வல்ல அல்லாஹ் நம் குர்பானியை ஏற்று, நம் இல்லங்களின் உணவில் பரக்கத்தையும், உறவுகளில் ஒற்றுமையையும், நமக்காக உழைத்த தாய்மார்களுக்கு ஈருலக நற்பேறுகளையும் அருள்வானாக! ஆமீன்.